சதுர அடி என்ன ரேட்டுங்க?

நாமக்கல் கவிஞரை நம் எல்லாருக்கும் தெரியும். உப்புச் சத்தியாகிரகத்துக்கு வழிநடைப் பாட்டு எழுதித் தந்தவர், 1949-இல் அரசவைக் கவிஞர் ஆனவர், சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடத்துக்கே பெயராக நிற்பவர். ஆனால் மோகனூரில் பிறந்த அந்த வெ. இராமலிங்கம் பிள்ளைக்குத் தொடக்கத்தில் சோறு போட்டது பாட்டு இல்லை, படம். பெரிய மனிதர்களின் உருவப்படங்களை வரைந்து கொடுத்து அந்த வருமானத்தில் குடும்பம் நடத்தினார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடிய சமயத்தில் வரைந்த ஓவியத்துக்குத் தங்கப் பதக்கம் வாங்கினார். அவருடைய பாட்டில் முதல் இரண்டடியைக் கொங்கு நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரும் சொல்லிவிடுவார்கள். அவர் வரைந்த படம் ஒன்றையாவது பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? கேட்டால், "அவரு படமும் வரைவாருங்களா?" என்று திருப்பிக் கேட்போம்.

ஓவியன் பேனாவைக் கையில் எடுத்த பிறகுதான் அப்படி ஒருவன் இருப்பதே நம் கண்ணில் படுகிறது. கோவையில் சினிமா பேனர் வரையும் குடும்பத்திலிருந்து வந்தவர் ஓவியர் ஜீவா. சித்ரகலா அகாடமியோடு நெடுங்காலமாக இயங்குபவர். அவர் சினிமா பற்றி எழுதிய 'திரைச்சீலை' நூல் தேசியத் திரைப்பட விருதுக் குழுவின் பாராட்டைப் பெற்ற பிறகுதான் நம்மில் பல பேருக்கு அவர் பெயரே தெரிந்தது. அதுவரை அவர் கை வரைந்த முகங்களுக்குக் கீழே நின்றுதான் டிக்கெட்டுக்கு வரிசை கட்டினோம். வரைந்தது யார் என்று கேட்கவில்லை.

நாமக்கல் கவிஞரின் 'மலைக்கள்ளன்' நாவலை எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடு 1954-இல் கோவை பட்சிராஜா ஸ்டூடியோவில் எம்.ஜி.ஆரை வைத்துப் படமாக்கினார். அடுத்த வருஷம் அதே கதை இந்தியில் 'ஆசாத்' ஆனது, திலீப்குமார் நடித்தார். சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோ இதற்கும் முந்தியது. இந்த ஸ்டூடியோக்களின் கதையை நாம் பெருமையாகச் சொல்வோம்: எந்த நடிகர் எந்த ஓட்டலில் தங்கினார், யார் எங்கே காபி குடித்தார் என்பதுவரை சொல்லுவோம். செட்டுக்குப் பின்னால் வானத்தையும் மலையையும் அரண்மனையையும் தட்டியில் வரைந்தவர்களும், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தூணும் சிலையும் வார்த்தவர்களும் இந்தக் கதையில் வருவதே இல்லை.

பேனர் வரைவதைக் கிட்ட நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளங்கை அகல ஸ்டில் போட்டோவின்மேல் பென்சிலால் கட்டம் போடுவார்கள். அதே கட்டம், பல மடங்கு பெரிதாக, துணியில் சாக்பீஸால் விழும். இந்தக் கட்டத்தில் பாதி மூக்கு, அடுத்த கட்டத்தில் மீதி. சாரத்தில் நின்று வரைகிறவருக்கு முழு முகம் தெரியாது. கன்னத்தில் ரோஸ், தாடைக்குக் கீழே பச்சை, நெற்றியோரம் நீலம், வில்லன் என்றால் கண்குழியில் ஊதா. பக்கத்தில் நின்றால் வெறும் சாயத் திட்டு. ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய்த் திரும்பினால் அந்த முகம் கோபத்தில் கொதித்துக்கொண்டிருக்கும். 1905-இல் மத்தீஸ் தன் மனைவியின் முகத்தில் நெற்றியிலிருந்து மோவாய்வரை ஒரு பச்சைப் பட்டையை இழுத்தபோது கலை உலகம் திடுக்கிட்டது. நாம் திடுக்கிடவே இல்லை. விசில் அடித்தோம். மனித முகத்தின் உணர்ச்சிக்குத் தோல் நிறம் தேவையில்லை என்பதைப் படிப்பில்லாமலே ஒத்துக்கொண்ட ஊர் இது. கொங்கு நாட்டு நவீன ஓவியத்துக்கு இதைவிட நல்ல ஆரம்பம் இருந்திருக்க முடியாது.

அந்த ஆரம்பத்தை நாமே கைவிட்டோம். ஃபிளெக்ஸ் வந்தது. ராத்திரி ஃபைல் கொடுத்தால் காலையில் அச்சாகி வந்துவிடும், விலையும் மலிவு. பேனர் ஓவியர்களில் சிலர் சுவர் விளம்பரத்துக்குப் போனார்கள், சிலர் வீட்டுக்குச் சுண்ணாம்பும் டிஸ்டெம்பரும் அடிக்கும் கான்ட்ராக்டுக்குப் போனார்கள். ஒரே ஒரு பேனரையாவது சுருட்டி எடுத்து வைக்க வேண்டும் என்று எந்தத் தியேட்டர் முதலாளிக்கும், எந்த ரசிகர் மன்றத்துக்கும், நமக்கும் தோன்றவில்லை. பேனர் வேலைக்குக் கூலி சதுர அடிக் கணக்கு. அந்தக் கணக்கை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம். இன்று கேன்வாஸ் ஓவியத்துக்கு முன்னால் நின்றும் அதையே கேட்கிறோம்.

நம் ஊரில் ஓவியக் கண்காட்சித் திறப்பு விழா எப்படி நடக்கும்? சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் தாமதமாக வருவார். குத்துவிளக்கு, பொன்னாடை, நினைவுப் பரிசு. பேசுகிறவர் எல்லாரும் "கலை என்பது" என்று தொடங்குவார்கள். ரிப்பன் வெட்டியதும் விருந்தினர் அரங்கை ஒரு சுற்றுச் சுற்றுவார். போட்டோகிராபர் அவருக்கு முன்னால் பின்பக்கமாகவே நடப்பார். பிறகு பிஸ்கட், காபி. ஓவியத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நிற்பவர் யாரென்று பார்த்தால், அடுத்த படத்துக்குச் சொந்தக்காரரான இன்னொரு ஓவியராகத்தான் இருப்பார். நாம் வாய் திறந்து பாராட்டினால் இரண்டே வாக்கியம்: "போட்டோ மாதிரியே இருக்குதுங்க." அப்படி இல்லாத படத்துக்கு, "இதுல என்னங்க சொல்ல வர்றீங்க?" வாங்கும் எண்ணம் வந்துவிட்டால் பேச்சு விறுவிறுப்பாகிவிடும். பிரேமுக்கு எவ்வளவு ஆச்சு, எத்தனை நாள் வேலை, பெயின்ட் இறக்குமதியா, சோபா கலருக்குச் சேருமா. ஜாப் ஆர்டர் கொட்டேஷனை அலசுவதுபோல அலசுவோம். ஆறு மாதம் ஒரு மனுஷன் தூக்கமில்லாமல் கிடந்து வரைந்த துக்கத்துக்கு எந்தத் தலைப்பில் செலவு எழுதுவது என்று நமக்குத் தெரியாது. ஆகவே அதைக் கழித்துவிடுவோம்.

நம் வீட்டு ஹால்களில் படமே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. வாஸ்துவுக்கு ஏழு வெள்ளைக் குதிரைகள் ஓடுகின்றன. வடக்கே அருவி கொட்டுகிறது. அவை எந்தத் திசை பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆள் வைத்திருக்கிறோம்.

கே.சி.எஸ். பணிக்கர் விஷயத்துக்கு வருவோம். தென்னிந்திய நவீன ஓவியத்தின் தலைமகன் என்று சொல்லத்தக்கவர் அவர். 1911-இல் அவர் பிறந்தது கோயம்புத்தூரில். தந்தி இலாகாவிலும் இன்சூரன்ஸிலும் வேலை பார்த்துவிட்டு, 1936-இல் சென்னை ஓவியப் பள்ளியில் ராய் சௌத்ரியிடம் மாணவராகச் சேர்ந்தார். 1957-இல் அதே பள்ளிக்கு முதல்வர் ஆனார். 1963 வாக்கில் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டம் போலவும் கணக்கு நோட்டுப் போலவும் எழுத்தும் எண்ணும் கிறுக்கலும் நிறைந்த படங்கள் அவை. படிக்க முயன்றால் பிடிகொடுக்காது. பார்த்துக்கொண்டே நின்றால் ஏதோ பழைய வீட்டுச் சுவரின் முன்னால் நிற்கிற மாதிரி மனம் கனக்கும். 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். அந்தக் கிராமத்தை எழுப்பிய பணத்தில் பெரும்பங்கு ஓவியர்கள் செய்து விற்ற பத்திக் துணியிலிருந்தும் கைவினைப் பொருளிலிருந்தும் வந்தது. துணியை விற்று ஒரு கலைஞர் ஊரையே கட்டிவிட முடியும் என்று காட்டியவர், துணி விற்றே வளர்ந்த நம் ஊரில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் அவர் பெயரில் 1979-இல் ஓவியக்கூடம் திறந்தார்கள். கேரளம் அவரைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டதில் தப்பே இல்லை. குடும்பம் மலையாளக் குடும்பம். ஆனால் அவர் பிறந்தது எந்தத் தெரு என்று தேடிப் பார்க்க வேண்டுமென்றுகூட நமக்குத் தோன்றவில்லையே, அதை எதில் சேர்ப்பது? தொழில் தொடங்கியவரின் முதல் ஷெட் எங்கே இருந்தது என்று நமக்கு அங்குலக் கணக்கில் தெரியும்.

அவினாசி சாலையில் ஒரு கலைக்கூடம் இருக்கிறது. கஸ்தூரி சீனிவாசன் பெயரில் உள்ளது. சிட்ரா என்று நாம் சுருக்கிச் சொல்லும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநர் அவர். குறளை ஆங்கிலத்தில் தந்தவர். நூற்பு இயந்திரத்தையும் கலையையும் ஒரே தலைக்குள் வைத்திருந்த ஒரு மனிதர் இந்த ஊரிலேயே வாழ்ந்தார் என்பதற்கு அந்தக் கட்டடம் சாட்சி. அந்த வழியாகத்தான் தினமும் ஏர்போர்ட்டுக்குப் போகிறோம். உள்ளே போனவர்கள் கையைத் தூக்கலாம்.

பிள்ளைகளிடம் என்ன செய்தோம் என்பது இதைவிட மோசம். சித்திர வகுப்பு என்று டைம்டேபிளில் இருக்கும் பீரியடைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்வதற்கு நாமே பி.டி.ஏ. கூட்டத்தில் கைதட்டியிருக்கிறோம். நாமக்கல், ராசிபுரம் வட்டாரத்தில் விடுதிப் பள்ளிகளுக்குக் கட்டணம் கட்டி, அங்கே படம் வரைய நேரமில்லை என்பதை ஒரு தகுதியாகவே நினைத்துச் சேர்த்தோம். கோழிப்பண்ணைக்குப் பெயர்போன வட்டாரம் என்பதால் 'பிராய்லர் பள்ளி' என்ற பட்டப்பெயர் சுலபமாக ஒட்டிக்கொண்டது, சிரித்தோம், சேர்த்தோம். அரசுப் பள்ளிகளுக்கு 2012-இல் ஓவியம், இசை, உடற்கல்வி எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள். பின்னர் சம்பளம் கொஞ்சம் ஏறியது. அவர்கள் நிரந்தரம் கேட்டுச் சென்னையில் உட்கார்ந்தபோதெல்லாம் நாம் பத்திரிகையில் அந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டோம். இதையும் மீறி ஒரு பிள்ளை, "நான் ஓவியம் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டால், "படம் வரைஞ்சு பொழைக்க முடியுமா கண்ணு? பி.ஈ. முடிச்சுட்டு அப்புறம் வரைஞ்சுக்க" என்றோம். முடிக்காமலே வரையப் போனவர்கள் எழும்பூருக்கோ கும்பகோணத்துக்கோ பெட்டியைக் கட்டினார்கள். அரசின் இசைக் கல்லூரி கோவையில் உண்டு. கவின்கலைக் கல்லூரி இல்லை. ஒரு மேம்பாலத்துக்கு எத்தனை மனு கொடுத்தோம்! இதற்கு யாரும் ஒரு தபால் கார்டுகூடப் போட்டதாக நினைவில்லை.

இத்தனைக்கும் உணர்ச்சியைக் கல்லில் காட்டுவது இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. பேரூர்க் கனகசபையில் நாயக்கர் காலத் தூண்களில் நிற்கிற ஆளுயர உருவங்களைப் பார்க்க வேண்டும். யானையைக் கிழித்து அதன் தோலையே முதுகுக்குப் பின்னால் விரித்து ஆடும் சிவன். ஆயுதங்களோடு முறுக்கி நிற்கும் வீரபத்திரர். சிவனோடு போட்டியிட்டு ஆடும் காளி. கல்லுக்கு நரம்பு புடைத்திருக்கிறது. கோபத்தை இதைவிட வெளிப்படையாகச் சொன்ன சிற்பத்தை நாம் வேறெங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. நாம் அங்கே கன்னத்தில் போட்டுக்கொண்டு, விபூதியைத் தூணிலேயே தட்டிவிட்டுப் போகிறோம்.

அதே கை இன்னும் உயிரோடு இருக்கிறது. அவினாசிக்கும் திருப்பூருக்கும் நடுவே திருமுருகன்பூண்டி. சுந்தரரிடமே வழிப்பறி நடந்த ஊர் என்று தலபுராணம் சொல்லும். இன்று ரோட்டோரம் வரிசையாகச் சிற்பக் கூடங்கள். கல்லைத் தட்டிப் பார்த்து ஓசையை வைத்து ஆண் கல், பெண் கல் என்று பிரிக்கும் வழக்கம் இன்னும் பேச்சில் இருக்கிறது. உளிச் சத்தத்தோடு இப்போது கட்டிங் மெஷின் சத்தமும் சேர்ந்துவிட்டது; தலைமுடி, இமை, காது மடல் எல்லாம் வெண்தூசி. பிள்ளையார், மாரியம்மன், கருப்பசாமி, நந்தி என்று ஆர்டர் வந்தபடி இருக்கிறது. பாதி செதுக்கிய அம்மனின் கை விரலை ஒரு இளைஞன் எப்படிக் கொண்டுவருகிறான் என்று பார்த்தால் தெரியும்: உளியை அழுத்துவதே இல்லை, வருடுகிற மாதிரி. கட்டைவிரல் நகத்தின் வளைவு வரும்வரை மூச்சை அடக்கியிருப்பான். அந்தக் கையால் நைட் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் தலைசாய்ந்து தூங்கும் பெண்ணைச் செதுக்க முடியாதா? முடியும். கல்லுக்கான காசை யார் தருவது? நாம் சிற்பியிடம் சாமி கேட்டோம், தலைவர் சிலை கேட்டோம். நம்மைச் செய்து தா என்று கேட்டதில்லை.

கேட்ட ஒரே இடம் கோயில்தான். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் இந்த ஊரைத் திரும்பத் திரும்பச் சூறையாடியபோது நம் பாட்டன்மார் 'பிளேக் மாரியம்மன்' என்று ஒரு தெய்வத்தையே உண்டாக்கினார்கள். அந்தக் கோயில்கள் இன்றும் கோவையில் இருக்கின்றன. 2021 மே மாதம், ஆக்சிஜனுக்கு ஊர் அலைந்த நாட்களில், இருகூர் காமாட்சிபுரி ஆதீனத்தில் ஒன்றரை அடிக் கருங்கல்லில் 'கொரோனா தேவி'யைப் பிரதிஷ்டை செய்தார்கள். உலகப் பத்திரிகைகள் வேடிக்கையாக எழுதின. படித்தவர்களான நாமும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிச் சிரித்தோம். ஆனால் அந்த இரண்டு வருஷத் துக்கத்துக்கு நம் ஊர் வடித்த உருவம் அதைவிட்டால் வேறென்ன இருக்கிறது? மூடநம்பிக்கை என்று ஒதுக்கியவர்கள், நம்பிக்கை தேவைப்படாத இன்னொரு உருவத்தை ஒரு ஓவியரிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கோவையில் 1997 நவம்பர் இறுதியில் நடந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 1998 பிப்ரவரி 14-இல் வெடித்த குண்டுகளில் 58 பேர் இறந்தார்கள். இந்த ஊரில் அன்று இருந்த ஒவ்வொருவருக்கும் அந்தச் சனிக்கிழமை மாலை தாம் எங்கே நின்றோம் என்பது ஞாபகம் இருக்கிறது. தொழில் படுத்ததைப் பேசினோம், ரியல் எஸ்டேட் விழுந்ததைப் பேசினோம், மீண்டு எழுந்ததைப் பேசிப் பேசிப் பெருமைப்பட்டோம். பயத்தை, வெட்கத்தை, அண்டை வீட்டுக்காரரோடு அறுந்துபோன பேச்சைப் பற்றி வாய் திறக்கவில்லை. சொல்ல முடியாததைத்தான் கோடும் நிறமும் சொல்லும். வரைந்தவர்கள் யாராவது இருந்திருப்பார்கள். அதை மாட்டுவதற்கு ஒரு பொதுச் சுவரை நாம் கொடுத்தோமா? வம்பு எதற்கு என்று இருந்துவிட்டோம். தஞ்சைக்குப் பக்கத்தில் விளாரில் 2013-இல் முள்ளிவாய்க்கால் முற்றம் எழுந்தது. ஓவியர் வீர சந்தானத்தின் கோடுகள் அங்கே கற்சிற்பமாக நிற்கின்றன. கடல் கடந்து நடந்த சாவுக்கு நம் தமிழ்ச் சிற்பிகளால் அவ்வளவு நீளச் சுவர் முழுக்க அழ முடிந்தது.

நொய்யலையும் சொல்ல வேண்டும். திருப்பூரில் அன்றைக்கு எந்த நிறத்துக்குச் சாயம் ஏற்றினார்களோ அந்த நிறத்தில் ஆறு ஓடிய காலம் உண்டு. 1992-இல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியானது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும்வரை நாம் அந்த நிறங்களைப் பார்த்துக்கொண்டே பாலத்தைக் கடந்தோம். நிறத்தைப் பற்றி உலகத்திலேயே அதிகம் தெரிந்தவர்கள் நாம்; எந்தச் சிவப்பு எத்தனை துவைப்புக்கு நிற்கும் என்று தொட்டுப் பார்த்துச் சொல்லுவோம். அந்தச் சிவப்பு ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை மட்டும் கவனிக்கவில்லை.

எல்லாமே இருட்டு என்று எழுதினால் அது பொய். கோயம்புத்தூர் விழாவில் ரேஸ்கோர்ஸ் பக்கம் ஸ்கீம் ரோட்டில் 'ஆர்ட் ஸ்ட்ரீட்' நடக்கிறது. குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கூட்டம் வருகிறது. குறிச்சிக் குளக்கரையில் தமிழ் எழுத்துகளாலேயே ஆன திருவள்ளுவர் நிற்கிறார். மாலையில் செல்ஃபிக்கு இடம் கிடைப்பதில்லை. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் 2017-இல் எழுந்த ஆதியோகியைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். 112 அடி என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். உயரமும் எடையும் செலவும் தெரிந்தால் ஒரு சிலையைத் தெரிந்துகொண்டுவிட்டதாக நமக்குத் திருப்தி.

கொச்சியில் 2012 டிசம்பரில் பியனாலே தொடங்கியபோது பழைய கிடங்குகளுக்குள் ஓவியமும் சிற்பமும் புகுந்தன. கோவையிலிருந்து ரயிலேறிப் போய் அதைப் பார்த்து, "நம்மூர்ல இப்படி இல்லையே" என்று திரும்பி வருகிறோம். நம்மூரில் என்ன இல்லை? தேசியப் பஞ்சாலைக் கழகத்தின் மில்கள் 2020 மார்ச்சில் நின்றவை நின்றபடி கிடக்கின்றன. பழைய மில் ஷெட்டுகளின் கூரை ரம்பப் பல் மாதிரி இருக்கும். அந்தப் பற்களின் செங்குத்துப் பக்கம் வடக்கே பார்த்தபடி கண்ணாடி போட்டிருக்கும். நேர் வெயில் உள்ளே விழாமல், நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் வருவதற்காக அப்படிக் கட்டினார்கள். நூல் அறுந்தால் தெரிய வேண்டும். ஓவியர்கள் காலங்காலமாகத் தங்கள் கூடத்துக்குத் தேடுவதும் அதே வடக்கு வெளிச்சத்தைத்தான். ஏக்கர் கணக்கில் அது நம்மிடம் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கி, மதில்மேல் எட்டிப் பார்த்து, சென்ட் என்ன விலை போகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.